பதினாலாம் தாள்

திங்கட்கிழமை காலை சைட்டிலிருந்து வந்த அந்தப் போனை காம்பஸ் அக்கா எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அது அடுத்த மேஜைக்கு வந்த போன். அந்த மேஜைக்காரன், படம் வரைகிற தாடி, டீ குடிக்கக் கீழே போயிருந்தான். மணி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பொறுக்க மாட்டாமல் எடுத்தாள்.

“மேடம், சின்ன டவுட்டு,” என்றார் சைட் இன்ஜினியர். முப்பது வருஷம் வெயிலில் நின்று தொண்டையில் சிமென்ட் தூசி படிந்த மனுஷர். “படத்தோட மூலையில, நோட்டுல, வளைவோட ஆரம் எரநூத்தி நாப்பது மீட்டர்னு எழுதியிருக்கு. படத்தை அளந்தா நூத்தி எழுபதுதான் வருது. நான் படத்தைப் பாத்துதான் சாரம் கட்டியிருக்கேன். எது சரி?”

“எந்தப் பாலம்?”

“என்ன மேடம் இப்பிடிக் கேக்குறீங்க. உங்க பாலம்தான். அணைக்கு மேல போற புது ரோடு.”

“அது எரநூத்தி நாப்பது. நான் போட்டது எனக்குத் தெரியாதா?”

“அப்ப இந்தப் படத்துல கீழ இருக்கிற கையெழுத்து யாரோடது?” என்றார் அவர். “உங்களோடதுதானே?”

அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் தேடித் திறந்தாள்.

அணையின் உயரத்தைக் கூட்டுகிறார்கள். தண்ணீர் ஏறினால் கீழே போகும் பழைய நெடுஞ்சாலை முங்கிவிடும். அதனால் சாலையையே பெயர்த்து மலைச்சரிவில் மேலே கொண்டுபோகிறார்கள். வழியில் ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். அதன் மேல் மூன்று கண் வைத்த கான்கிரீட் பாலம், ஒவ்வொரு கண்ணும் நாற்பத்தைந்து மீட்டர், சரிவோடு சேர்ந்து வளைந்து போகும். உள்ளே கூடாக இருக்கும் ஒரு நீளமான பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியை நாலு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டு வடிவமைத்தவள் அவள். படத்தைத் தாடி வரைந்தான், அவள் கையெழுத்துப் போட்டாள், எல்லாம் முறையாக நடந்தது.

இப்போது திரையில் இருந்த பாலம் அதுவல்ல. முகம் அதேதான், முதுகு வேறு மாதிரி வளைந்திருந்தது. கம்பிகள், கனம், தூண்கள் எதுவும் மாறவில்லை. வளைவு மட்டும் இறுகியிருந்தது. கீழே வலது மூலைக் கட்டத்தில் அவளுடைய கையெழுத்து, பக்கத்தில் தேதி. அந்தத் தேதியில் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குடல்வால் ஆபரேஷனுக்கு உள்ளே போன மகள் எப்போது வெளியே வருவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு நாள் லீவில் நாலாவது நாள்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா? வியாழக்கிழமை காலையில கான்கிரீட் போடுறோம். அதுக்குள்ள சொல்லிடுங்க.”

“சொல்றேன்,” என்று வைத்தாள்.

கோபம் வந்தால் அவள் பென்சில் சீவுவாள். இருபத்தாறு வருஷப் பழக்கம். கையால் படம் வரையும் வேலைக்கு வந்த நாளிலேயே சொந்தக் காம்பஸ் பெட்டியோடு வந்தாள். கம்பெனிக் காம்பஸில் முள் ஆடுகிறது என்று அதைத் தொட மறுத்தாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பத்து வருஷம் நின்றுகொண்டே வரைந்தாள். பிறகு வேலை முடிந்து மாலைக் கல்லூரிக்கு ஓடி ஐந்து வருஷம் படித்தாள். கடைசிப் பரீட்சையை ஏழு மாத வயிற்றோடு எழுதினாள், மேற்பார்வைக்கு வந்தவர் பாதியில் வந்து, “முடியலைன்னா அடுத்த தடவை எழுதிக்கலாமேம்மா” என்றபோது, “நீங்க எழுதுவீங்களா எனக்கு?” என்று கேட்டாள். அப்படிப் பொறியாளர் ஆனவள். இப்போது யாரும் பென்சிலால் வரைவதில்லை. ஆனாலும் அவள் மேஜையில் பென்சில் உண்டு. காலையில் அவளுடைய குப்பைக்கூடையில் சீவல் கிடந்தால் அன்றைக்கு அவளிடம் சந்தேகம் கேட்கப் போகக் கூடாது என்பது அந்த மூன்றாம் மாடி முழுக்கத் தெரிந்த சட்டம்.

தாடி படியேறி வந்தபோது மூன்றாவது பென்சில் பாதியாகியிருந்தது. கூடையைப் பார்த்தான். திரும்பிப் போகலாமா என்று யோசித்தான் போலிருக்கிறது. ஆனால் மேஜை அங்கேதான் இருந்தது.

“இதை யாரு வளைச்சது?”

“நான்தான்க்கா. சீஃப் சொன்னாரு.” அவன் நின்றபடியே சொன்னான். “சரிவுல ஒரு எடத்துல நிலம் விரிசல் விட்டிருக்காம். ரோடு டீம்காரங்க லைனைக் கொஞ்சம் உள்ள தள்ளிட்டாங்க. மெயில் வந்துச்சு. ‘சிறு திருத்தம்’னு போட்டிருந்தாங்க.”

“சிறு?”

“அவங்க அப்பிடித்தான் போட்டிருந்தாங்கக்கா.”

“என் கையெழுத்து?”

“அது பழைய ஷீட்டுலேர்ந்து தானா வந்துரும். கட்டத்தோட ஒட்டிக்கிட்டேதான் இருக்கும். தேதி மட்டும் நாம மாத்துவோம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எல்லாப் படத்துலயும் அப்பிடித்தானேக்கா” என்றான்.

எல்லாப் படத்திலும் அப்படித்தான். அதுதான் அவளுக்கு எரிந்தது. பாலத்தை வளைக்கும்போது கையெழுத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், வீடு மாற்றும்போது சுவரில் தொங்கிய காலண்டரையும் சேர்த்துத் தூக்கிப் போவதைப்போல. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தாலாவது திட்டுவதற்கு ஒரு முகம் கிடைத்திருக்கும்.

வளைந்த பாலத்தில் என்ன தொல்லை என்றால், அது முறுக்கிக்கொள்ளும். பெட்டி நேரடியாகத் தூண் மேல் உட்காராது; தூணோ கரைச்சுவரோ, ஒவ்வொரு தாங்கலிலும் உள்வளைவுப் பக்கம் ஒன்று, வெளிவளைவுப் பக்கம் ஒன்று என்று ரப்பரும் இரும்புமாக இரண்டு பேரிங் வைத்து, அதன் மேல் உட்காரும். வளைவு இறுக இறுக, பாலத்தின் எடை வெளிப்பக்கமாகச் சாயும். வெளிப் பேரிங் நசுங்கும். கடைசித் தாங்கலில் இருக்கும் உள்பேரிங்குக்கு எடை குறையும். ஒரு அளவுக்கு மேல் போனால் எடையே இருக்காது. பாலம் அந்த மூலையில் எழும்பும். ஒவ்வொரு லாரிக்கும் எழும்பி எழும்பி விழும்.

வளைவு மெல்லியதாக இருந்தால் இந்தக் கவலை வேண்டாம். ஒரு கண்ணின் இரண்டு முனைக்கும் இடையே திரும்புகிற கோணம் பன்னிரண்டு டிகிரிக்குள் இருக்கிறதா, நேர்ப்பாலம் என்றே கணக்குப் போட்டுவிட்டு, படத்தில் மட்டும் வளைத்துக்கொள்ளலாம். அவள் போட்டபோது கோணம் பத்தே முக்கால். நேராகத்தான் கணக்குப் போட்டாள், அதில் தப்பில்லை. இப்போது அளந்தாள். பதினைந்துக்கு மேல்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் பாலத்தை உண்மையான வளைவோடு கம்ப்யூட்டரில் புதிதாகக் கட்டினாள். வெளிப்பக்கத் தடத்தில் லாரிகளை வரிசையாக நிறுத்தினாள். கடைசி உள்பேரிங்குக்கு நேரே வந்த எண்ணின் முன்னால் ஒரு சின்னக் கோடு இருந்தது. மைனஸ் பதினெட்டு டன். கோடு எங்காவது தூசியாக இருக்கப்போகிறது என்று திரையை விரலால் துடைத்துப் பார்த்தாள்.

கணக்கை அச்செடுத்துக்கொண்டு தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனாள். சீஃப் அவளுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர். வந்த புதிதில் “அக்கா, அக்கா” என்று பின்னாலேயே சுற்றினார். பதவி ஏற ஏற, சந்தோஷமாக இருக்கும்போது அக்கா, கோபமாக இருக்கும்போது மேடம் என்று பிரித்துக்கொண்டார்.

“உக்காருங்கக்கா. பாப்பா எப்பிடி இருக்கா?”

“பாப்பா எந்திரிச்சு நடக்குறா. பாலம்தான் எந்திரிக்கப் போவுது.” காகிதத்தை மேஜையில் வைத்தாள். “வியாழக்கிழமை கான்கிரீட்டை நிறுத்துங்க.”

அவர் காகிதத்தைப் பார்த்தார். படிக்கத் தெரிந்தவர்தான்; மைனஸைப் பார்த்ததும் புருவம் அசைந்தது. ஆனால் நிமிர்ந்தபோது முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“இது ரொம்ப மோசமான லோடிங். வெளித்தடம் பூரா லாரி நிக்கணும். எப்ப நிக்கும்?”

“முன்னாடி போற ஒண்ணு பஞ்சரானாப் போதும். பின்னாடி அத்தனையும் நிக்கும்.”

“சேஃப்டி ஃபேக்டர்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கோம்?”

“அது தாங்குறதுக்கு. தூக்குறதுக்கு ஃபேக்டர் கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?”

சீஃப் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “மேடம், மழைக்கு இன்னும் பத்து வாரம் இருக்கு. தண்ணி ஏறிடுச்சுன்னா பழைய ரோடு போச்சு. மேல மூணு ஊர் இருக்கு. பிரசவ வலி வந்தா எந்த வழியாக் கூட்டிட்டு வருவாங்க, படகுலயா? அவங்களுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?”

 அவர் சொன்னது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

“அஞ்சு வாரம் குடுங்க,” என்றாள். “பேரிங் ரெண்டையும் அகலமாத் தள்ளி வைக்கலாம், தாங்கல்ல எடம் இருக்கு. பெட்டியோட கடைசிச் சுவரைக் கனமா ஊத்திக் கீழ அமுக்கலாம். முறுக்குக்குக் கம்பி கூடக் கட்டணும். மழைக்கு முன்னாடி முடிச்சிரலாம். ஆனா வியாழக்கிழமை ஊத்திட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.”

“அஞ்சு வாரத்துக்குக் காரணம் கேப்பாங்க. என்ன சொல்றது? எங்களுக்குக் கணக்குத் தெரியலைன்னா?”

“ஆமா, அதைத்தான் சொல்லணும். கணக்குப் போடாம பாலத்தை வளைச்சிருக்கீங்க. லீவுல இருந்தவ கையெழுத்தை ஒட்டியிருக்கீங்க.”

“ஆபீஸ் ஸ்டாண்டர்டுப்படிதான் வளைச்சோம்,” என்றார் சீஃப். இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து, பக்கம் புரட்டி, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். “பதினாலாம் தாள். பாத்துக்கோங்க.”

அந்த அலுவலகத்தில் திரும்பத் திரும்ப வரும் வேலைகளுக்கு நிலையான தாள்கள் உண்டு. மழைநீர்க் குழாய்க்கு ஒன்று, கைப்பிடிச் சுவருக்கு ஒன்று. எண்ணைச் சொன்னால் போதும், யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பதினாலாம் தாள் வளைவுப் பாலம். ‘பாலத்தை நேராகவே வடிவமைக்கவும். பின் சாலையின் மையக்கோட்டில் வளைத்து வரையவும்.’ இவ்வளவுதான். கீழே ஒரு அழகான படம். நேரான பெட்டி ஒன்று, வளைத்த பெட்டி ஒன்று, நடுவே ஒரு அம்புக்குறி.

எழுத்து அவளுடையது. ஸ்கேல் வைத்து எழுதியதைப்போல ஒரே உயரம், ‘ள’வின் வால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். ஓரத்தில் அவளுடைய முதலெழுத்து, இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவளுக்கு அந்த மத்தியானம் அப்படியே ஞாபகம் வந்தது. அன்றைய சீஃப், இப்போது உயிரோடு இல்லை, அவள் பலகைக்குப் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினாள். மூன்று வாக்கியம் சொன்னார். மூன்றாவதுதான் பன்னிரண்டு டிகிரி. படத்தை முதலிலேயே பெரிதாக வரைந்துவிட்டிருந்தாள். மூன்றாவது வாக்கியத்துக்கு இடம் இல்லை. படத்தை அழித்துச் சின்னதாகப் போடலாமா என்று கேட்டதற்கு அவர், “வேண்டாம், நல்லா வந்திருக்கு. பன்னெண்டு டிகிரியெல்லாம் நம்ம ஊர்ல யாரு வளைக்கப் போறான்” என்று சிரித்துவிட்டுப் போனார். அவளுக்கு இருபத்தைந்து வயது. டிகிரி எதற்கென்றே அப்போது தெரியாது. படம் நன்றாக வந்ததில் பெருமையாக இருந்தது.

பிறகு தெரிந்தது. படித்து முடித்துப் பொறியாளர் ஆனபோது தெரிந்தது. தெரிந்தபிறகு தன் கணக்குகளில் அந்த எல்லையைப் பார்த்துக்கொண்டாள். தாளைப் போய்த் திருத்த வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

சீஃப் குரலைத் தாழ்த்தினார். கனிவாகத்தான் பேசினார். “விடுங்கக்கா. இதை யாரும் கிளறப் போறதில்ல. வளைவு மாறினதுக்கு கவர்மென்ட் டிபார்ட்மென்டுக்கு ஒரு லெட்டர் போகணும். ‘வடிவமைப்பில் மாற்றம் தேவையில்லை’ன்னு ரெண்டு வரி. புதன் மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க. எல்லாருக்கும் நல்லது. உங்களுக்கும்.”

அவள் எழுந்து வந்தாள். அன்றைக்குச் சீவப் பென்சில் மிச்சமில்லை.

வீட்டில் முன்னறைதான் கணவனின் பட்டறை. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர். மேஜை விளக்கின் கீழ் யாரோ ஒருவரின் மேல்வரிசை சிரித்துக்கொண்டிருந்தது. மகள் சோபாவில் வயிற்றில் தலையணையை அணைத்துப் படுத்திருந்தாள்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். கணவன் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“புரியுது,” என்றார். “இந்தப் பக்கம் கடிச்சா அந்தப் பக்கம் செட்டு தூக்கும். எங்ககிட்டயும் வரும் அப்பிடி. திருப்பி அனுப்பிடுவாங்க.”

“நூத்தி முப்பத்தஞ்சு மீட்டரை யாரு திருப்பி அனுப்புறது?”

“அதுக்கில்ல. வாயில மாட்டுறதுக்கு முன்னாடி பாத்துடணும்னு சொல்றேன்.”

“அதைத்தானே நானும் சொல்றேன். நான் சொல்றதையே எனக்குச் சொல்லாதீங்க.”

கணவன் கேட்டார், “சரி, யாரு தப்பு இது?”

“அவங்க தப்பு. என் தப்பு. செத்துப்போனவரு தப்பு.”

“அப்ப கோபம் யாரு மேல?”

“எல்லாரு மேலயும். உங்க மேலயும்.”

“நான் என்ன பண்ணேன்?”

“இப்பிடி நிதானமாக் கேள்வி கேக்குறீங்க.”

சோபாவிலிருந்து, “அப்பா, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது” என்றாள் மகள். பிறகு, “அம்மா, லெட்டர்ல கையெழுத்துப் போடலைன்னா உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?” என்று கேட்டாள்.

“தூக்க மாட்டாங்க.”

“பின்ன?”

“என் தாளைக் காட்டுவாங்க. எல்லாருக்கும். இவதான் எழுதினா, இவதான் இப்பக் குதிக்கிறான்னு.”

“அது நெசந்தானே?”

கணவன் மகளை முறைத்தார். காம்பஸ் அக்கா செருப்பைக் கழற்றினாள். பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. சீஃபுக்கும் அது தெரியும். அவர் கனிவாகப் பேசியது அவள் வெட்கப்படுவாள் என்று நம்பித்தான். வெட்கப்படுகிறவள் வாயைத் திறக்க மாட்டாள். ஒரு கடிதம், இரண்டு வரி, முடிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து அவளைப் பற்றித் தெரிந்துகொண்டது இவ்வளவுதானா? அதை நினைத்தபோது மற்ற எல்லாக் கோபத்தையும்விட அது பெரிதாக எழுந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே அலுவலகம் போய், ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். யாரும் படிக்காத புத்தகம் அது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கான்கிரீட்டை நிறுத்தச் சீஃபுக்கு அதிகாரம் உண்டு, டிபார்ட்மென்டுக்கு உண்டு. அவளுக்கு இல்லை. ஆனால் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பிரிவு இருந்தது. படத்தில் கையெழுத்திட்ட வடிவமைப்பாளர் தன் கையெழுத்தை எழுத்துமூலம் திரும்பப் பெற்றால், அந்தப் படம் அந்த நிமிஷத்திலிருந்து செல்லாது. செல்லாத படத்தின்படி எந்த வேலையும் செய்யக் கூடாது.

படத்தில் கையெழுத்து அவளுடையது. அவர்களே ஒட்டி வைத்திருந்தார்கள்.

கடிதத்தைத் தானே தட்டினாள். நாலு பத்தி வந்தது. முதல் பத்தியில் இந்தப் படத்தைத் தான் பார்க்கவே இல்லை என்று எழுதினாள். இரண்டாவதில் பதினெட்டு டன். மூன்றாவது பத்தியை எழுத அரை மணி நேரம் ஆயிற்று. ‘இத்தவறு எங்கள் அலுவலகத்தின் பதினாலாம் தாளிலிருந்து வந்தது. அத்தாளை எழுதியவள் நான். அதில் இருக்க வேண்டிய கோண எல்லையை விட்டவளும் நான்.’ கடைசியில் ஒரே வரி: ‘என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.’ தாளில் அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, டிபார்ட்மென்டுக்கும் சைட்டுக்கும் சீஃபுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள்.

தாடி எட்டிப் பார்த்தான். “அக்கா, மூணாவது பத்தி தேவைதானா? அது இல்லாமலே நிறுத்திருப்பாங்களே.”

“தேவைதான். இல்லைன்னா உன் தலையில கட்டுவாங்க. நீ வளைச்சேன்னு.”

அவன் தன் மேஜைக்குத் திரும்பினான். அன்றைக்கு இரண்டு முறை டீ வாங்கிக்கொண்டு வந்து அவள் மேஜையில் வைத்தான்.

பத்து நிமிஷத்தில் சீஃபின் அறைக் கதவு திறந்தது. அவர் மாடி முழுக்கக் கேட்கும்படி, “மேடம், நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?” என்றார்.

“தெரியுது. முதத் தடவையா.”

“கம்பெனி பேரைச் சந்தி சிரிக்க வச்சுட்டீங்க.”

“சந்தி சிரிச்சுட்டுப் போகட்டும். பாலம் தூக்காம இருக்கணும்.”

சைட் இன்ஜினியர் சாயங்காலம் போன் பண்ணினார். “கான்கிரீட் லாரி எல்லாத்தையும் வேண்டாம்னுட்டேன். என் ஆளுங்க உங்களைத் திட்டுறானுங்க மேடம்.”

“திட்டட்டும்.”

“நானும் காலையில திட்டினேன். அப்புறம் அந்தப் பதினெட்டைப் படிச்சேன். சாரத்தைப் பிரிக்காம வச்சிருக்கேன். புதுப் படத்தைச் சீக்கிரம் அனுப்புங்க.”

ஐந்து வாரம் என்றது ஆறாக இழுத்தது. பேரிங்குகளைத் தள்ளி வைத்தார்கள், கடைசிச் சுவரைக் கனமாக ஊற்றினார்கள், முறுக்குக்குக் கம்பி சேர்த்தார்கள். மழைக்கு எட்டு நாள் முன்னால் பாலம் திறந்தது. திருத்திய படத்தின் கட்டத்தில் சீஃபின் கையெழுத்து இருந்தது. கணக்கு முழுக்க அவளுடையது. திறப்புப் பலகையில் யார் பெயரும் இல்லை என்பது ஒரு ஆறுதல். அவளுக்குக் கிடைத்தது ஒரு பக்கச் சுற்றறிக்கை; பொறுப்பில்லாமல் நிலையான தாள் தயாரித்ததற்கு எச்சரிக்கை. கூடவே இட மாற்றம். அதே மாடியில் ஜன்னல் இல்லாத மூலைக்கு, மழைநீர்க் குழாய்ப் பிரிவுக்கு.

சுற்றறிக்கையை அவள் மடித்துப் பைக்குள் வைத்தாள். அதில் எழுதியிருந்தது சரி. எழுதாமல் விட்டதுதான் ஆத்திரம். பதினாலாம் தாளை ரத்து செய்ததாக ஒரு வரிகூட இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் அந்தத் தாளை வைத்து எத்தனை பாலத்தை வளைத்திருக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அவளே போய்க் கேட்டாள். “பட்டியல் வேணும்.”

“எதுக்கு?” என்றார் சீஃப். “இத்தனை வருஷத்துல எந்தப் பாலமாவது விழுந்துச்சா?”

“விழுந்தப்புறம் பட்டியல் எதுக்கு?”

அவர் தரவில்லை. குழாய்ப் பிரிவில் வேலை குறைவு. பழைய படங்கள் வைத்திருந்த அறை பக்கத்திலேயே இருந்தது. சாப்பாட்டு வேளைகளில் உள்ளே போய் உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில், பதினாலாம் தாளை வைத்து வளைத்த ஒன்பது பாலத்தின் படங்களை எடுத்தாள். ஆறு பன்னிரண்டு டிகிரிக்குள். மூன்று வெளியே. அதில் ஒன்றைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பதினேழு டிகிரி, பத்தொன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவளும் கணவனும் மகளும் பஸ்ஸில் எத்தனையோ தடவை அதன் மேல் போயிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவனைக் கிளப்பிக்கொண்டு போனாள். அவர் பக்கத்து வீட்டு அலுமினிய ஏணியைத் தோளில் சுமந்து வந்தார். பாலத்தின் கடைசித் தாங்கலுக்குக் கீழே புதரும் உடைந்த பாட்டிலுமாகக் கிடந்தது.

“விழுந்து தொலைச்சிடாத,” என்றார், ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

“நீங்க ஆட்டாம இருந்தா விழ மாட்டேன்.”

மேலே ஏறி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, உள்வளைவுப் பக்கத்துப் பேரிங்கைப் பார்த்தாள். மற்றப் பேரிங்குகளின் மேல் விளிம்பில் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. இதில் மட்டும் விளிம்பு பளிச்சென்று இருந்தது, தினமும் யாரோ துடைப்பதைப்போல. பையிலிருந்து மெல்லிய இரும்புத் தகடுகள் கோத்த அளவுகோலை எடுத்தாள். இரண்டு மில்லிமீட்டர்த் தகட்டைப் பேரிங்குக்கும் பாலத்துக்கும் நடுவே வைத்து அழுத்தினாள். போகவில்லை. காத்திருந்தாள். மேலே வெளித்தடத்தில் கனமான லாரி ஒன்று வரும் அதிர்வு தாங்கலில் முதலில் வந்து, பிறகு காதில் வந்தது. தகடு அவள் விரல்களிலிருந்து நழுவி ஒரு விரற்கடை உள்ளே போயிற்று. லாரி கடந்தது. தகடு பிடிபட்டது, இழுத்தால் வரவில்லை.

கணவன் கீழிருந்து, “என்ன?” என்றார்.

அவள் ஏணியிலேயே நின்றபடி போனை எடுத்து சீஃபைக் கூப்பிட்டாள். நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் தட்டும் கரண்டியும் உரசும் சத்தம், யாரோ சிரிப்பது கேட்டது.

“என்னக்கா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை.”

எந்தப் பாலத்தின் கீழே நிற்கிறாள் என்று சொன்னாள். அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. அறையை விட்டு வெளியே வந்திருப்பார்.

“அங்க எதுக்குப் போனீங்க? யாரு போகச் சொன்னது?”

“என் தாள்தானே சொல்லுச்சு இதை வளைக்கச் சொல்லி. அப்ப நான்தானே வரணும்.” இன்னொரு லாரி வந்தது. தாங்கல் அதிர்ந்தது; தகடு மறுபடி இறுக்கம் தளர்ந்து, மறுபடி பிடிபட்டது. “உள்பேரிங் தூக்குது. ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல. இன்னிக்கே வெளித்தடத்தை அடைக்கணும். டிபார்ட்மென்டுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

மறுமுனையில் கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“பேனா எடுங்க,” என்றாள். “இந்தப் பாலத்துல கடைசித் தாங்கல் ரெண்டு, பேரிங் நாலு. ஒவ்வொண்ணா அளந்து சொல்றேன். நீங்க திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்ததுக்குப் போவேன்.”